வடசென்னையில் வோல்ட் இறங்கி வந்த வழி

அத்திப்பட்டுக்கு அருகே உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் மூன்று இயந்திரங்கள். ஒவ்வொன்றும் 210 மெகாவாட். மின்னாக்கியிலிருந்து வெளிவரும்போது மின்சாரத்தின் அழுத்தம் 15,750 வோல்ட். நிலையத்தின் வளாகத்திலேயே அது 2,30,000 வோல்ட்டாக ஏற்றப்படுகிறது. அங்கிருந்து வீடு வரை எல்லாமே இறக்கம்தான். 230 கிலோவோல்ட் 110 ஆகிறது, பிறகு 33, பிறகு 11. தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வாங்கிக்கொண்டு மும்முனையில் 433 வோல்ட்டாகத் தருகிறது. ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளந்தால் 250. கேபிளில் கொஞ்சம் தேய்ந்து, வீட்டுப் பிளக்கில் 230-ஐ ஒட்டி நிற்கும்.

அந்த நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது தண்டையார்பேட்டை. அங்கே ஒரு மாணவரோ மெக்கானிக்கோ தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு சிறு கருவி செய்கிறார் என்றால், அதற்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கு வேண்டியது 5 வோல்ட்; புதிய வகைச் சிப்பாக இருந்தால் 3.3. மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டர் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. 230-லிருந்து 5 வரைக்குமான படிகளை அவரவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும். மிஞ்சிய வோல்ட்டை என்ன செய்வது என்பதுதான் இதில் உள்ள ஒரே கேள்வி. அதற்கு இதுவரை மூன்று விடைகள் கிடைத்திருக்கின்றன: எரித்துவிடலாம், சுருளில் மாற்றலாம், நறுக்கலாம். மூன்றுமே வடசென்னைக்கு மைக்ரோகன்ட்ரோலர் வருவதற்கு வெகு காலம் முன்பே வந்தவை.

எரிப்பதுதான் மூத்தது. 1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். துறைமுகப் பகுதியையும் நகரின் உட்பகுதிகளையும் அது இணைத்தது. ஆரம்பத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளத்தில் பதித்த கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தது. பிறகு மேல்நிலைக் கம்பிக்கு மாறியது. ஓடியது நேர்மின்சாரத்தில். நின்றுகொண்டிருக்கும் நேர்மின் மோட்டாருக்கு முழு அழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் அது அளவுக்கு மீறிய கரண்ட்டை இழுத்துத் தன் சுருளையே கருக்கிக்கொள்ளும். அதனால் அக்காலத்து டிராம்களில் மோட்டாருக்கு முன்னால் இரும்புத் தடைகளை வரிசையாக வைத்தார்கள். ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பத் திருப்ப, தடைகள் ஒவ்வொன்றாக விலகி மோட்டாருக்கு அழுத்தம் கூடும். வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போதும் வாங்கிய மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போனது. வேறு வழி இல்லாத காலம் அது.

1953-இல் டிராம் நின்றுவிட்டது. ஆனால் அதே முறை ரயிலில் தொடர்ந்தது. 1931-இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதை மின்மயமானபோது கம்பியில் விட்டது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1967-இல் அந்தப் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. அழுத்தத்தை ஏறத்தாழ பதினேழு மடங்கு உயர்த்தியது முரணாகத் தோன்றலாம். அழுத்தம் கூடினால் அதே திறனுக்குக் கம்பியில் ஓட வேண்டிய கரண்ட் குறைகிறது. கம்பி மெலிதாகலாம், பாதையோரத் துணைநிலையங்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். உயர்ந்த அழுத்தத்தை இறக்கும் வேலையை ரயிலே தன்னோடு தூக்கிச் செல்லும் டிரான்ஸ்ஃபார்மர் செய்துகொள்கிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பாதை மின்மயமானது 1979-இல்தான். தாமதமாக வந்ததில் ஒரு லாபம்: 1,500 வோல்ட்டைப் பார்க்காமல் நேரே 25,000-க்குப் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவும் தண்டையார்பேட்டை நிலத்தடியில் அதே 25,000 வோல்ட்டில்தான் ஓடுகிறது.

ரயிலில் நடந்த இந்த மாற்றம் இரண்டாவது விடையின் வெற்றி. இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் கரண்ட்டை மாற்றினால் மற்றதில் மின்சாரம் தூண்டப்படும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் காட்டினார். அது பயன்படும் இயந்திரமாக அரை நூற்றாண்டு ஆனது. 1885-இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஜிபெர்னோவ்ஸ்கி, பிளாதி, டேரி என்ற மூன்று பொறியாளர்கள் மூடிய இரும்புச் சுற்றுடன் டிரான்ஸ்ஃபார்மரைச் செய்து முடித்தார்கள். இரு சுருள்களின் சுற்று எண்ணிக்கை என்ன விகிதமோ, வோல்ட்டும் அதே விகிதம். மிஞ்சியதை எரிக்க வேண்டியதில்லை. அழுத்தம் இறங்கும் அளவுக்குக் கரண்ட் ஏறிக் கொடுக்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: மின்சாரம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நேர்மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போனால் சுருள் சூடாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

தண்டையார்பேட்டைக்குத் தெற்கே, பழைய வண்ணாரப்பேட்டையைத் தாண்டினால் பேசின் பிரிட்ஜ். மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிலக்கரியில் ஓடும் மின்நிலையத்தை அமைத்து நகருக்கு விளக்கு ஏற்றியது. அந்த நிறுவனத்தை 1947-இல் அரசு ஏற்றது. 1957 ஜூலை 1-இல் மின்வாரியம் பிறந்தது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடியது. 450 மெகாவாட் வரை வளர்ந்த அந்த நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 1990-களின் நடுவில் வடசென்னை நிலையமும் பேசின் பிரிட்ஜின் எரிவாயுச் சுழலிகளும் வந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நகரத்துக்கு மின்சாரம் செய்து கொடுக்கும் வேலை இந்த வடக்குக் கரையின் தலையில்தான் விழுந்திருக்கிறது; சாம்பலும் கூடவே.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்தின் சொத்து. சிறியது வைண்டிங் கடையின் சரக்கு. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் கட்டிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதற்கான கணக்கு ஒரு வாய்ப்பாட்டைப் போல வாயில் நிற்கும்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், நடுக்கால் ஒரு சதுர அங்குலம் உள்ள ஸ்டாம்பிங்குக்கு வோல்ட்டுக்கு 7 சுற்று. 230 வோல்ட்டுக்கு 1,610 சுற்று மெல்லிய எனாமல் கம்பி; 12 வோல்ட்டுக்கு 84 சுற்று தடித்த கம்பி. பாரம் ஏறும்போது அழுத்தம் விழும் என்பதால் இரண்டாவது சுருளில் நாலைந்து சுற்று கூட்டிப் போடுவார்கள். இரண்டு சுருளுக்கும் நடுவே காகிதம், மேலே வார்னிஷ். அந்தக் காகிதம் சாதாரணப் பொருளாகத் தெரிந்தாலும், உள்ளே வரும் 230 வோல்ட்டுக்கும் வெளியே கை படும் 12 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது அது மட்டும்தான். வோல்ட்டைக் குறைப்பது ஒரு வேலை, பிரித்து வைப்பது இன்னொரு வேலை. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் ஒருசேரச் செய்வதால் இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கும் படிந்துவிட்டது. இதன் விலை பிற்காலத்தில் தெரிந்தது.

குறைந்த வோல்ட் என்பது கருவிக்கு மட்டுமல்ல, ஆளின் உயிருக்கும் வேண்டியது என்பதைச் சட்டமாக எழுதிய இடம் தொழிற்சாலை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொட்டி, குழி, குழாய், புகைப்போக்கி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கை, தக்க பாதுகாப்பு இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்றது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலியிலும் பாய்லர் பழுது பார்க்கவும் எண்ணெய்த் தொட்டி கழுவவும் உள்ளே இறங்கியவர்கள் கையில் இருந்தது இந்தச் சட்டத்தின் விளக்குதான். வெளியே ஒரு இரும்புப் பெட்டியில் 230-க்கு 24 டிரான்ஸ்ஃபார்மர். அதிலிருந்து நீண்ட ரப்பர் வயர். முனையில் கம்பிக்கூண்டு போட்ட பல்பு. வேர்வையில் நனைந்த உடம்பு, நாலா பக்கமும் இரும்புச் சுவர். அந்த நிலையில் 230 வோல்ட் பட்டால் தப்புவது அரிது. 24 வோல்ட்டில் அந்த ஆபத்து பெருமளவு நீங்குகிறது.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பெட்ரோலியக் கிடங்குகளில் இதே கணக்கு இன்னொரு காரணத்துக்காக நடக்கிறது. அங்கே அஞ்ச வேண்டியது தீப்பொறி. 1913-இல் வேல்ஸ் நாட்டின் செங்கனித் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்கள் இறந்தனர். அதன்பின் நடந்த ஆய்வுகள், சுரங்கத்தில் மணியடிக்க வைத்திருந்த குறைந்த வோல்ட் கம்பிகளின் பொறிகூட வாயுவைப் பற்றவைக்கும் என்று காட்டின. வோல்ட்டை மட்டும் குறைத்தால் போதாது, கரண்ட்டையும் சுற்றில் தேங்கும் ஆற்றலையும் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற முறை அங்கிருந்து பிறந்தது. எண்ணெய் மட்டத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணரிகளை 24 வோல்ட்டில், கரண்ட்டுக்கு வரம்பு கட்டும் தடுப்பான் வழியாக இயக்குவது இன்று எண்ணெய்த் தொழிலின் பொது வழக்கம்.

வீட்டுக்குள் வோல்ட் குறைக்கும் வேலையைக் கொண்டுவந்தது ரேடியோ. மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமில்லாமல் 1927-இல் நிறுத்தியது. 1930 முதல் மாநகராட்சி அதை நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. வால்வு ரேடியோ விசித்திரமான கருவி. அதன் தகட்டுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதே வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் போதும். ஆகவே ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றும் சுருளும் இறக்கும் சுருளும் அக்கம்பக்கமாக இருந்தன. சில நகரங்களில் நேர்மின்சாரமும் சிலவற்றில் மாறுமின்சாரமும் வீடுகளுக்கு வந்த காலம் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் இரண்டிலும் ஓடும் ‘ஏசி–டிசி’ செட்டுகளும் விற்றன. அவற்றில் எல்லா வால்வு இழைகளையும் வரிசையாகக் கோத்து, மிச்ச வோல்ட்டை ஒரு தடையில் எரித்தார்கள். செட்டின் இரும்புச் சட்டமே சில சமயம் மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். மரப்பெட்டி ஏன் அவ்வளவு பத்திரமாக மூடியிருந்தது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிரான்சிஸ்டர் வந்ததும் இந்த உயர்ந்த அழுத்தத்தின் தேவை போய்விட்டது. 6 வோல்ட்டிலும் 9 வோல்ட்டிலும் ரேடியோ பாடியது. ஆனால் பேட்டரிக் கட்டை தீர்ந்துகொண்டே இருந்தது. மாதா மாதம் கட்டை வாங்குவதற்குப் பதிலாக பிளக்கில் செருகும் சிறு பெட்டிக்கு ‘எலிமினேட்டர்’ என்று பெயர். பேட்டரியை ஒழிக்கும் கருவி என்ற பொருளில் 1920-களில் அமெரிக்காவில் புழங்கிய சொல் அது. அங்கே மறந்துபோன பிறகும் தமிழ்நாட்டுக் கடைகளில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், இரண்டோ நான்கோ டையோடு, ஒரு கண்டென்சர். 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று திருகு வைத்த வகையும் உண்டு. பாரமில்லாமல் அளந்தால் 9 என்று எழுதியிருக்கும் இடத்தில் 13 வரும். டிரான்சிஸ்டர் ரேடியோ அதைப் பொறுத்துக்கொண்டது. பின்னால் வந்த சிப்புகள் பொறுக்கவில்லை.

இதே காலத்தில் இன்னொரு வகை இறக்கமும் தேவைப்பட்டது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகத் துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில் 1969-இல் அமைந்த பர்மா பஜார், வெளிநாட்டு டேப் ரெக்கார்டருக்கும் ரேடியோவுக்கும் பெயர் பெற்றது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அந்தச் சந்தைகளுக்கென்றே செய்த சாமானை நம்மூர் பிளக்கில் நேரே செருகினால் புகைதான் வரும். இடையில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். இங்கே இரு சுருள் தேவையில்லை. ஒரே சுருளில் நடுவில் கிளை எடுத்தாலே 230-லிருந்து 110 வந்துவிடும். செம்பு மிச்சம். பிரித்து வைக்கும் பாதுகாப்பு மட்டும் போய்விடும். அவசரத்தில் சாமானோடு வரிசையாக ஒரு குண்டு பல்பைக் கோத்து வோல்ட்டை இறக்குவதும் உண்டு. டிராமின் பழைய முறைதான் அது. ஆனால் பாரம் மாறினால் வோல்ட்டும் மாறிவிடும் என்பதால் எதற்கும் உத்தரவாதமில்லை.

1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் செட்டுகள் கூடத்துக்கு வந்தன. கூடவே ஸ்டெபிலைசரும் வந்தது. மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டு விளக்கும் எரியத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கிவிடும். படம் சுருங்கிப் பெட்டியின் ஓரம் கறுக்கும். ஸ்டெபிலைசருக்குள் இருப்பதும் ஒற்றைச் சுருள் டிரான்ஸ்ஃபார்மர்தான். அதன் கிளைகளை ரிலே மாற்றி மாற்றிப் பிடிக்கும், அந்த ‘டக்’ சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். மின்நிலையம் பக்கத்தில் இருந்தால் லோ வோல்டேஜ் வராது என்று சொல்வதற்கில்லை. வீட்டில் எத்தனை வோல்ட் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தெரு டிரான்ஸ்ஃபார்மரின் பாரமும் அங்கிருந்து வீடு வரையுள்ள கம்பியின் நீளமும்தான். எண்ணூர்ப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்த தெருவும் இதற்கு விலக்காக முடியாது.

வோல்ட்டைக் குறைத்தால் மட்டும் போதாது, ஒரே அளவில் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் டிஜிட்டல் சிப்புகளோடு வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1964-இல் வெளியிட்ட தர்க்கச் சிப்பு வரிசைக்கு 5 வோல்ட். கால் வோல்ட் கூடினாலோ குறைந்தாலோ வேலைக்கு உறுதியில்லை. பின்னால் வந்த இன்டெல் 8085, 1980-இல் வந்த 8051 எல்லாம் அந்த 5 வோல்ட்டையே பிடித்துக்கொண்டன. தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு தலைமுறைக்கு மேலாகப் படித்த சிப்புகள் இவை. 5 வோல்ட்டை நிறுத்தித் தரும் சுற்று ஒரு காலத்தில் பல உதிரிகள் கொண்ட தனிப் பலகை. நேஷனல் செமிகண்டக்டரில் வேலை பார்த்த ராபர்ட் விட்லர் 1969-இல் அதை ஒரே சிப்புக்குள் அடைத்தார். சில ஆண்டுகளில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் 7800 வரிசை வந்தது. அதில் 5 வோல்ட் தருவது 7805.

மின்னணு உதிரிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போய் ‘செவன் எய்ட் நாட் ஃபைவ்’ என்றால் போதும், மூன்று கால் கொண்ட கறுப்புத் துண்டு ஒன்று காகிதத்தில் மடித்துக் கையில் வரும். சூடு அதிகமானால் தானே நின்றுகொள்ளும், வெளியே ஷார்ட் ஆனாலும் பிழைத்துக்கொள்ளும். தவறு செய்து கற்கிறவர்களுக்கு இதைவிடப் பொறுமையான உதிரி கிடையாது. ஆனால் அடிப்படையில் இது டிராமின் இரும்புத் தடைக்குப் பேரன். மிஞ்சிய வோல்ட்டை எரிக்கத்தான் செய்கிறது. எவ்வளவு எரிப்பது என்பதை நொடிக்கு நொடி தானே சரிசெய்துகொள்வது மட்டுமே புதிது.

கணக்குப் பார்த்தால் தெரியும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை பிரிட்ஜ் டையோடு வழியாகக் கண்டென்சரில் விட்டால், அலையின் உச்சம் 17 வோல்ட். இரண்டு டையோடுகளில் 1.4 போக 15.6. அதை 7805 வாங்கி 5 ஆக்கினால் 10.6 வோல்ட் மிச்சம். சுற்று 0.3 ஆம்பியர் இழுத்தால் 3.2 வாட் சூடு. சுற்றுக்குக் கிடைப்பதோ 1.5 வாட். பயனுக்கு இரண்டு பங்கு வீண். அலுமினியத் தகடு முடுக்காவிட்டால் விரல் வைக்க முடியாது. 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டிருந்தால் சூடு ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்திருக்கும். ஆனால் ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது: 7805-க்கு வெளியே போகும் 5-ஐவிட 2 வோல்ட் அதிகமாக உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் பாரமில்லாதபோது போதுமானதாகத் தெரியும். ரிலே இழுத்த நொடியில், அதுவும் லோ வோல்டேஜ் நேரமாக இருந்தால், 7-க்குக் கீழே சரிந்து மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும்.

மூன்றாவது விடை நறுக்குவது. 12 வோல்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, நேரத்தில் 42 சதவீதம் மட்டும் திறந்து வைத்தால் சராசரி 5 வோல்ட். அந்தத் துண்டுகளை ஒரு காயிலும் கண்டென்சரும் சேர்த்துச் சமமாக்குகின்றன. டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்திருக்கும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்கும். பாதி திறந்து சூடாகும் நிலையில் நிற்பதே இல்லை. எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் பயனாகக் கிடைப்பது இதனால்தான். 230 வோல்ட்டையே நேர்மின்சாரமாக்கி நறுக்கி, கட்டைவிரல் அளவு டிரான்ஸ்ஃபார்மரில் விட்டால் அதுதான் எஸ்எம்பிஎஸ். அலை வேகமாக மாறுவதால் கொஞ்சம் இரும்புக்கலவையும் கொஞ்சம் செம்பும் போதும். வைண்டிங் கடையின் 1,610 சுற்றுக்கு வேலையில்லை. உயர்ந்த அழுத்தத்தை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் 1970-களில் மலிவானதும் கணினியிலும் டிவியிலும் இது புகுந்தது. 90-லிருந்து 270 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்கும் டிவிகள் பரவியபோது அவற்றுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டெபிலைசர் காணாமல் போனது. செல்போன் சார்ஜர் இதே சுற்றைக் கைக்குள் அடங்கும் விலையில் கொடுத்தது; 1996-இல் வகுத்த யுஎஸ்பி அமைப்பின் 5 வோல்ட், சிப்புகளின் பழைய 5 வோல்ட்டோடு பொருந்திப்போனது.

இதனால் சிறு கருவி செய்கிறவரின் கடைசிப் படி தலைகீழாக மாறியது. முன்பு டிரான்ஸ்ஃபார்மரைக் காசு கொடுத்து வாங்கினார். இப்போது அது காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கிறது. பழைய மோடம், செட்-டாப் பாக்ஸ், லேப்டாப் என்று ஒவ்வொன்றும் செத்த பிறகு அதன் அடாப்டர் உயிரோடு மிஞ்சும். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் 12 வோல்ட், லேப்டாப்புக்கு 19-ஐ ஒட்டி. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் வீடுகளுக்குள் வந்த இன்வெர்ட்டர், 12 வோல்ட் பேட்டரி ஒன்றையும் மூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று பெரும்பாலான செயல்திட்டங்களின் கணக்கு 230-லிருந்து தொடங்குவதில்லை. 12-லிருந்து 5-க்கு எப்படி வருவது என்பதில்தான் தொடங்குகிறது. 40 வோல்ட் வரை ஏற்று 3 ஆம்பியர் வரை தரும் எல்எம்2596 சிப்பு பொருத்திய சின்னப் பலகை அதற்கு எங்கும் கிடைக்கிறது. அதன் நீலத் திருகைத் திருப்பி, மீட்டரில் 5 பார்த்த பிறகுதான் மைக்ரோகன்ட்ரோலரை இணைக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது திருகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பார்க்காமல் இணைத்து ஒரு பலகையைச் சாகடிப்பது இந்தத் தொழிலில் ஏறக்குறைய எல்லாரும் கட்டும் நுழைவுக் கட்டணம்.

சிப்புகள் இதற்கிடையே இன்னும் கீழே இறங்கிவிட்டன. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ஆர்டுயினோ பலகைகள் 5 வோல்ட்டில் ஓடின. 2014-இல் வந்த ஈஎஸ்பி8266-உம் இரண்டு ஆண்டு கழித்து வந்த ஈஎஸ்பி32-உம் வைஃபையோடு சேர்த்து 3.3 வோல்ட்டில் ஓடுகின்றன. 5-லிருந்து 3.3-க்கு இறங்க 7805-இன் உறவினர்கள் உதவுவதில்லை, ஏனென்றால் இடைவெளி 2 வோல்ட் இல்லை; ஏறத்தாழ 1.1 வோல்ட் இடைவெளியில் சமாளிக்கும் ஏஎம்எஸ்1117 போன்றவை வேண்டும். அங்கே எரிக்கும் முறைதான் இன்றும் நல்லது. 1.7 வோல்ட்டை எரிப்பதில் நஷ்டம் சொற்பம், கிடைக்கும் மின்சாரம் நறுக்கிய சத்தம் இல்லாமல் சுத்தமாக இருக்கும். நறுக்கி 5-க்கு வந்து, எரித்து 3.3-க்கு வருவது அனுபவசாலிகளின் கலவை. வைஃபை அலைபரப்பும் நொடியில் 300 மில்லிஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும் என்பதால் சிப்புக்கு அருகே ஒரு பெரிய கண்டென்சரும் வைப்பார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரை மறந்ததில் ஒரு கேடும் வந்தது. ஒரு கண்டென்சரை 230 வோல்ட்டோடு வரிசையில் வைத்து, பின்னால் ஒரு ஜீனர் டையோடு போட்டால் 5 வோல்ட் கிடைத்துவிடும். செலவு சில ரூபாய். இரவு விளக்குகளுக்குள் இருப்பது இந்தச் சுற்றுதான். அங்கே அது மூடிய பிளாஸ்டிக்குக்குள் இருப்பதால் சரி. ஆனால் இப்படி எடுத்த 5 வோல்ட், மீட்டரில் 5 என்று காட்டினாலும், அதன் இரு முனையும் தரையோடு ஒப்பிட்டால் 230 வோல்ட்டிலேயே நிற்கலாம். அதில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலரைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்தால் கணினியும் போகும். தண்ணீர்த் தொட்டிக்குள் உணரியைத் தொங்கவிடும் கருவியில் இதைச் செய்வது உயிரோடு விளையாட்டு. 3 வாட் வரை தரும் மூடிய ஏசி–டிசி சிறு மாட்யூல்களோ, நல்ல சார்ஜரோ இதே வேலையைப் பிரிப்போடு செய்கின்றன. வைண்டிங் கடைக்காரர் சுருள்களுக்கு நடுவே வைத்த காகிதத்தின் அருமை இங்கேதான் விளங்கும்.

காசிமேட்டு விசைப்படகுகளில் இந்த வரலாற்றின் எல்லாக் கிளைகளும் ஒன்றாகக் கிடக்கின்றன. பெரிய டீசல் எஞ்சினுக்கு 24 வோல்ட் பேட்டரி. வயர்லெஸ் கருவிக்கு 12-ஐ ஒட்டி. செல்போனுக்கும் சிறு மின்னணுக் கருவிகளுக்கும் 5. எஞ்சின் ஓடும்போது 24 வோல்ட் லைனில் 28 இருக்கும். அங்கே 7805 போட்டு 0.3 ஆம்பியர் இழுத்தால் 6.9 வாட் எரியும். நறுக்கும் பலகை தவிர வேறு வழியில்லை. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை உப்பரித்துத் துண்டிக்கப்பட்டால், ஆல்டர்னேட்டர் ஒரு கணம் 24-ஐப் போல் பல மடங்கு அழுத்தத்தை லைனில் தள்ளிவிடும். 40 வோல்ட் வரம்புள்ள சிப்பு அதில் தப்பாது. அதனால் படகிலோ லாரியிலோ வைக்கும் கருவிக்கு 60 வோல்ட் வரை தாங்கும் ‘எச்வி’ வகைச் சிப்பு, அதற்கு முன்னால் எகிறும் அழுத்தத்தை வாங்கித் தரையில் விடும் சப்ரஸர் டையோடு, அதற்கும் முன்னால் ஒரு ஃபியூஸ் என்ற வரிசை தேவைப்படுகிறது; பலகை முழுவதற்கும் உப்புக்காற்று புகாத வார்னிஷ் பூச்சும்.